டாக்டர் சுப்பராவும் ஈறுநோய் மருந்தும்

வேடந்தாங்கல் ஏரியைச் சூழ்ந்த கிராமங்களிலும் சரி, மாமல்லபுரத்துக் கடற்கரைக் குப்பங்களிலும் சரி, பல் ஈறில் ரத்தம் கசிந்தால் ஜனங்கள் செய்வது ஏறக்குறைய ஒன்றே. முதலில் உப்புத் தண்ணீர். பிறகு கிராம்புத் தைலம். அதற்கும் அடங்காவிடில் கடைத்தெருவில் நாலு மாத்திரை. மருந்துக் கடைக்காரர் கத்தரித்துக் கொடுக்கும் அந்த நாலு மாத்திரை சில சமயம் டாக்ஸிசைக்ளினாக இருக்கும். அது டெட்ராசைக்ளின் என்னும் மருந்து வர்க்கத்தைச் சேர்ந்தது. அந்த வர்க்கத்தின் முதல் மருந்து எந்த ஆராய்ச்சிசாலையில் பிறந்ததோ, அதற்குத் தலைமை வகித்தவர் சென்னையில் படித்து, கதர் உடுத்தியதன் பலனாகப் பட்டத்தில் ஒரு படி இறக்கப்பட்ட ஒரு தெலுங்கர். மாத்திரையை விழுங்குகிறவர்களில் அவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? அது போகட்டும். அவர் தந்த மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதையும் நம்மவர் அறியாதிருப்பதே நமது கவலை. ஆகவே அவ்விரண்டையும் சேர்த்தே இன்று சொல்ல விரும்புகிறோம்.

எல்லாப்பிரகட சுப்பராவ் 1895-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். ஆந்திர தேசம் அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்தது. வறிய குடும்பம். படிப்பில் பையனுக்கு மனம் செல்லவில்லை. பதின்மூன்று வயதில், காசி யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று வீட்டை விட்டு ஓடினான் என்றும், தாயார் வெங்கம்மா பிடித்து இழுத்து வந்தார் என்றும் அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலிலிருந்து எழுதித் தேறினார். ராஜதானிக் கலாசாலையில் இன்டர்மீடியட் முடித்ததும் சந்நியாசியாகி ராமகிருஷ்ண மடத்தில் சேர வேண்டுமென்ற எண்ணம் உண்டாயிற்று. தாயார் சம்மதிக்கவில்லை. காவி கிடைக்காத இளைஞர் சென்னை வைத்தியக் கலாசாலையில் சேர்ந்தார். பிற்காலத்தில் அவர் வாழ்ந்த விதத்தைப் பார்க்கும்போது, துணியில் ஏறாத காவி மனத்திலிருந்து இறங்கவேயில்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

அது காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்கும்படி தேசத்தை அழைத்த காலம். மாணவர் சுப்பராவ் ரண சிகிச்சை அறைக்குள் கதர் அங்கியுடன் நுழைந்தார். ரண சிகிச்சைப் பேராசிரியரான ஆங்கிலேயருக்கு அது பொறுக்கவில்லை. மற்றப் பாடங்களில் நன்றாகத் தேறியும், ரண சிகிச்சையில் ஏற்பட்ட குறை காரணமாக அவருக்குக் கிடைத்தது எம்.பி.பி.எஸ். அல்ல, அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே. இதை ஒரு தேசபக்தர் பட்ட கஷ்டம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. சென்னை வைத்திய இலாகாவில் உத்தியோகம் பெறும் வழி இதனால் அவருக்கு அடைபட்டது. அடைபட்டதனாலேயே வேறு வழி தேட நேர்ந்தது.

அந்த வேறு வழி ஆயுர்வேதத்தின் வாசற்படியிலிருந்து தொடங்கியது. சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கலாசாலையில் சுப்பராவ் உடற்கூறு போதிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். (1930-ல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற ஸ்ரீமதி ருக்மிணி லட்சுமிபதி இந்த வைத்தியரின் மனைவியார்.) சுப்பராவின் சகோதரர் இருவர், ஒரு சில நாள் இடைவெளியில், ஸ்ப்ரூ என்னும் கிராணி ரோகத்துக்குப் பலியானார்கள். அதே ரோகம் சுப்பராவையும் பற்றியது. மேல்நாட்டு வைத்தியம் கைவிட்ட நிலையில் லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையே அவரைப் பிழைக்க வைத்தது. குணமானார், ஆனால் எதனால் குணமானோம் என்பது அவருக்கு விளங்கவில்லை. விளங்காத ஒன்றை விளங்கவில்லையென்று ஒப்புக்கொண்டு தேடப் புறப்படுகிறவர்கள் சிலரே. மனைவி சேஷகிரியை ஊரில் விட்டு, மாமனாரின் உதவியும் காக்கிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்மத்தின் உதவியும் பெற்று, 1920-களின் முற்பகுதியில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். சில வருஷங்களில் திரும்புவதாக எண்ணம். திரும்பவேயில்லை. பிறந்த மகனை அவர் கண்ணால் பார்க்கவில்லை. அந்தக் குழந்தை சிசுவாகவே இறந்தது. விஞ்ஞானத்துக்காகச் செய்த தியாகம் என்று இதைப் போற்றுகிறவர்கள், அந்தத் தியாகத்தின் பெரும் பங்கைச் செலுத்தியவர் ஊரில் காத்திருந்த ஒரு பெண்மணி என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பாஸ்டனில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் உஷ்ணதேச வைத்தியப் பள்ளியில் படிப்பு; சாப்பாட்டுக்கு, ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்காரராக நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவும் ஊழியம். சைரஸ் ஃபிஸ்க் என்னும் பேராசிரியருடன் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். இன்றும் ரசாயன மாணவர்கள் அதை ஃபிஸ்க்-சுப்பராவ் முறை என்றே கற்கிறார்கள். தசை இயங்கும்போது சக்தியைத் தரும் பாஸ்போகிரியேட்டின், ஏ.டி.பி. என்னும் வஸ்துக்களையும் 1927, 1929-ம் வருஷங்களில் இருவரும் வெளிப்படுத்தினர். 1930-ல் டாக்டர் பட்டம் வந்தது. நிரந்தர உத்தியோகம் மட்டும் வரவில்லை. தம் உழைப்பில் பிறரைவிடத் தமக்கு அதிகப் பங்குண்டென்று வாதாடும் வழக்கம் அவரிடம் இல்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், அங்கே சுப்பராவ் கண்டறிந்த சில வஸ்துக்கள் ஃபிஸ்கின் பொறாமை காரணமாக உரிய காலத்தில் வெளிவராமற் போய், மற்றவர்களால் மறுபடியும் கண்டுபிடிக்கப்பட வேண்டியதாயிற்று என்று கூறியிருக்கிறார்.

1940-ல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாகாணத்தில் பேர்ள் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லி ஆராய்ச்சிசாலைக்குச் சென்றார். சில ஆண்டுகளில் அதன் ஆராய்ச்சி டைரக்டரானார். அங்கே அவருடைய எட்டு வருஷத்து வேலையை எண்ணினால் வியப்பாயிருக்கிறது. ஃபோலிக் ஆஸிட் என்னும் வைட்டமினைச் செயற்கையாகச் செய்யும் முறை அவருடைய குழுவினரால் கைகூடியது. தம் சகோதரர்களைக் கொன்ற கிராணிக்கு அதுவே மருந்தாயிற்று. அதே வஸ்துவுக்கு எதிரிடையான அமினோப்டெரினை அவரிடமிருந்து பெற்று, சிட்னி ஃபார்பர் என்பார் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு 1947-ன் இறுதியில் கொடுத்துப் பார்த்தார். புற்றுநோய்க்கு மருந்து கொடுத்துத் தணிக்கும் வைத்தியத்துக்கு அது ஒரு தொடக்கம். யானைக்கால் கிருமிக்கான டைஎத்தில்கார்பமசைனும் அந்த ஆராய்ச்சிசாலையின் பயிரே. செங்கற்பட்டுக் கடற்கரைப் பக்கத்தில் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக வந்து விழுங்கச் செய்த யானைக்கால் மாத்திரை வேறொன்றுமல்ல, அதுதான்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட மருந்துக்கு வருவோம். பெனிஸிலின் வந்துவிட்டது; ஸ்ட்ரெப்டோமைசின் வந்துவிட்டது. ஆனால் முன்னது ஒரு வகைக் கிருமிகளையும், பின்னது மற்றொரு வகைக் கிருமிகளையுமே பெரும்பாலும் தாக்கின. இரு வகையையும் ஒருங்கே அடக்கும் மருந்தொன்று மண்ணில் இருக்கக்கூடும் என்று சுப்பராவின் சாலையினர் தேடினார்கள். அதற்கு அமர்த்தப்பட்டவர், சர்வகலாசாலையிலிருந்து எழுபது வயதில் ஓய்வு பெற்ற தாவர சாஸ்திரி பெஞ்சமின் டகர். பல இடங்களிலிருந்தும் மண் தருவிக்கப்பட்டது. மிஸௌரி சர்வகலாசாலையில் 1888 முதல் பயிர்ச் சோதனை நடந்துவரும் ஸான்பர்ன் வயலிலிருந்து 1945-ல் வந்த ஒரு பிடி மண்ணில், பொன்னிறமாக வளரும் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அதிலிருந்து இறங்கிய மருந்துக்கு, பொன்னைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக் கொண்டு ஆரியோமைசின் என்று பெயரிட்டார்கள்.

வேடந்தாங்கல் விவசாயிகள் இதில் ஒரு விசேஷத்தைக் கவனிக்கலாம். கடம்ப மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சத்தால் ஏரித் தண்ணீரே உரமாகிறது என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். அதனாலேயே பறவைகளைச் சுடக் கூடாதென்று 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் உத்தரவு பெற்றார்கள். மண்ணின் பெருமை அதன் வளத்தில் என்பது நியாயமான எண்ணம். ஆனால் ஆரியோமைசினைத் தந்தது வளமான மண்ணல்ல. உரமே இடாமல் ஆண்டுதோறும் ஒரே புல்லைப் பயிர் செய்து சோதித்து வந்த பாத்தி. ஏழை மண்ணில் இரைக்குப் போட்டி அதிகம், ஆகவே அங்கே உயிர்கள் ஒன்றையொன்று அடக்கும் விஷங்களைச் சுரக்கின்றன என்று இதற்கு ஒருவர் காரணம் கற்பிக்கலாம். நாம் அதைத் தீர்ப்பாகச் சொல்லவில்லை.

ஆரியோமைசினைக் கண்டுபிடித்தவர் சுப்பராவ் என்றே நம் நாட்டில் பலர் எழுதுகிறார்கள். வழக்கை நேர்மையாக விசாரித்தால், பொன்னிறக் கிருமியைப் பிரித்தெடுத்த கை டகருடையது. தேடலுக்குத் திட்டம் வகுத்து, ஆட்களையும் பணத்தையும் திரட்டி, கிடைத்ததை மருந்தாக்கும் வரை நடத்திச் சென்ற புத்தி சுப்பராவினுடையது. பிறர் உழைப்பைத் தமதாக்கிக் கொள்ளாத ஒருவருக்கு, பிறர் உழைப்பை நாம் வலிந்து சூட்டுவது மரியாதையாகாது. 1948-ம் வருஷம் ஜூலையில் மருந்தைப் பற்றிய விவரங்கள் நியூயார்க்கில் விஞ்ஞானிகள் சபையில் வெளியிடப்பட்டன. அடுத்த மாதத்தில், தூக்கத்திலேயே மாரடைப்பால் சுப்பராவ் காலமானார். வயது 53. அவ்வாண்டு டிசம்பரில் மருந்து விற்பனைக்கு வந்தது. அமெரிக்கக் குடியுரிமை பெறாமலே இறந்தார். அவர் வேலை பார்த்த கம்பெனி பிற்பாடு ஒரு காளானுக்கு அவர் பெயரை இட்டது. இந்திய சர்க்கார் 1995-ல், அவர் பிறந்த நூறாவது வருஷத்தில், தபால் தலை வெளியிட்டது.

மனிதர் மறைந்தாலும் மருந்து பெருகியது. 1950-களில் ஆரியோமைசினின் அணுக்கட்டிலிருந்து குளோரினை நீக்கி டெட்ராசைக்ளின் செய்தார்கள். பிறகு 1960-களில் டாக்ஸிசைக்ளினும், அதையடுத்து மினோசைக்ளினும் வந்தன. 1994-ல் சூரத் நகரத்தில் பிளேக் பீதி எழுந்தபோது ஜனங்கள் மருந்துக் கடைகளில் முண்டியடித்து வாங்கியது டெட்ராசைக்ளினைத்தான்.

ஈறுநோய்க்கு இது எவ்வாறு பயன்படுகிறது? நம் வாயில் எழுநூறுக்கும் மேற்பட்ட வகைக் கிருமிகள் குடியிருக்கக் கூடும். பெரும்பாலானவை தொல்லை தராதவை. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவேயுள்ள சந்து ஆரோக்கியமான வாயில் மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாது. அழுக்குப் படிந்து காரையாக இறுகினால் ஈறு வீங்கி, சந்து ஆழ்ந்து பையாகிறது. காற்றுப் புகாத அந்தப் பையில்தான் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ், ட்ரெப்போனீமா டென்டிகோலா முதலிய துஷ்டக் கிருமிகள் செழிக்கின்றன. பெரியவர்கள் பயோரியா என்று சொல்லும் வியாதி இதுவே. ஈறு கரைந்து, பல்லைத் தாங்கும் எலும்பும் கரைந்து, சொத்தையே இல்லாத பல்லுங்கூட ஆடி விழும். டெட்ராசைக்ளின் வர்க்கம் கிருமியின் உடலுக்குள் புரதம் தயாராகும் இடத்தில் சென்று ஒட்டிக்கொண்டு அந்த வேலையை நிறுத்துகிறது. கிருமி உடனே சாவதில்லை; பெருகுவது நிற்கிறது. மீதி வேலை நம் ரத்தத்தின் வெள்ளணுக்களுக்கு.

இங்கேதான் விளக்கம் தேவை. ஆராய்ச்சிசாலைக் குழாயில் தனித்தனியே மிதக்கும் கிருமியை மருந்து எளிதில் அடக்கும். பல்லின் மேலோ, கிருமிகள் தாமே சுரந்த பசையில் அடுக்கடுக்காக ஒட்டிக் கோட்டை கட்டியிருக்கின்றன. அந்தக் கோட்டைக்குள் இருக்கும் கிருமியை அடக்கப் பல நூறு மடங்கு அதிக மருந்து வேண்டியிருக்கும் என்று சில சோதனைகள் காட்டியிருக்கின்றன. அவ்வளவு மருந்தை மனித உடல் தாங்காது. ஆகவே முதல் சிகிச்சை மாத்திரையல்ல. பல் வைத்தியர் காரையையும் பசையையும் கருவியால் சுரண்டி எடுப்பதே முதல் சிகிச்சை. கோட்டை இடிந்த பிறகுதான் மருந்துக்கு வழி பிறக்கும். பெரும்பாலான நோயாளிகளுக்கு, சுரண்டி எடுத்து நாள்தோறும் ஒழுங்காகப் பல் விளக்கினால், மருந்தே வேண்டாமற் போகிறது.

விதிவிலக்கு உண்டு; அதைச் சொல்லாமல் விட்டால் வாதம் ஒருதலைப்பட்சமாகிவிடும். பருவ வயதினருக்கு, வெளியே அதிக அழுக்குக் காணாமலே, முன்பற்களையும் முதல் கடைவாய்ப் பற்களையும் சுற்றி எலும்பு வேகமாக அழிந்து போகும் ஒரு வகை நோய் உண்டு. அதன் முக்கியக் கிருமிக்கு அக்ரிகேடிபாக்டர் ஆக்டினோமைசிடெம்கோமிடன்ஸ் என்று பெயர். (பல் வைத்திய மாணவர்களை நோயாளிகளுக்கு முன்னதாகவே வருத்துவது இந்தப் பெயர்தான்.) இந்தக் கிருமி ஈறின் தசைக்குள்ளேயே புகுந்து பதுங்குவது, கருவி அங்கே எட்டாது. வெறும் சுரண்டலால் அது அடங்கவில்லை, டெட்ராசைக்ளினையும் உட்கொள்ளச் செய்தபோதே அடங்கியது என்று ஸ்லாட்ஸ், ராஸ்லிங் என்னும் இருவர் 1983-ல் எழுதினார்கள். சுப்பராவின் சாலையில் முளைத்த மருந்துக்கு ஈறுநோயில் கிடைத்த சிறந்த வெற்றி அதுவென்று சொல்லலாம்.

அதே 1983-ல் நியூயார்க்கின் ஸ்டோனி புரூக்கில் லோர்ன் கோலப் என்பாரின் குழுவினர் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். நம் நாட்டுப் பெயருடைய ராமமூர்த்தி என்பாரும் அக்குழுவில் ஒருவர். நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளின் ஈறைக் கரைக்கும் கொலாஜனேஸ் என்னும் வஸ்துவை மினோசைக்ளின் தணித்தது. அவற்றுள் கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளும் இருந்தன. அதாவது, கிருமியை அடக்குவதோடு, நம் உடலே நம் ஈறைக் கரைக்கும் செயலையும் இம்மருந்து தடுக்கிறது. இதையொட்டி, கிருமியைத் தொடாத அளவுக்குக் குறைத்த 20 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளினை நாளைக்கு இரண்டு வேளை, சுரண்டல் சிகிச்சைக்குத் துணையாகக் கொடுப்பதற்கு 1998-ல் அமெரிக்க சர்க்காரின் அனுமதி கிடைத்தது. கடையில் கேட்டு வாங்கும் 100 மில்லிகிராம் மாத்திரைக்கும் இதற்கும் முடிச்சுப் போடக் கூடாது.

டெட்ராசைக்ளினின் அரசு நிலைக்கவில்லை. அதற்கு அடங்காமலிருக்கும் வித்தையைக் கிருமிகள் கற்றன. கற்றதைப் பக்கத்துக் கிருமிக்கும் சொல்லிக் கொடுத்தன. டெட்-எம், டெட்-கியூ என்று பெயரிடப்பட்ட மரபணுக்கள் வாய்க் கிருமிகளில் தென்படலாயின. கடுமையான நோய்க்கு இப்போது வைத்தியர்கள் அமாக்ஸிஸிலினையும் மெட்ரோனிடஸோலையும் சேர்த்துக் கொடுப்பதே அதிகம். அதையும் எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்கலாகாது, வயதில் இளைய, நோய் முற்றிப் பரவிய சிலருக்கே யோசிக்கலாம் என்று ஐரோப்பிய ஈறு வைத்திய சங்கத்தார் 2020-ல் நெறி வகுத்திருக்கிறார்கள்.

இந்நிலையில், வைத்தியர் சீட்டில்லாமல் நாலு மாத்திரை வாங்கி, ரத்தக் கசிவு நின்றதும் நிறுத்திவிடுகிறவர் என்ன செய்கிறார்? காரை அப்படியே இருக்கிறது. பலங்குன்றிய கிருமிகள் மாண்டு, மருந்தைத் தாங்கியவை மட்டும் வாயிலும் குடலிலும் எஞ்சுகின்றன. மூன்று மாதத்தில் ரத்தம் மறுபடி கசிகிறது. நாளைக்கு அவருக்கே நிமோனியா கண்டால், வேலை செய்ய வேண்டிய மருந்து வேலை செய்யாமற் போகலாம். வீட்டிலுள்ள கர்ப்பிணிக்கோ எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கோ மிச்ச மாத்திரையைக் கொடுத்தால் கேடு இன்னும் வெளிப்படையானது: டெட்ராசைக்ளின், வளரும் பல்லில் படிந்து அதை ஆயுள் முழுவதும் பழுப்பு நிறமாக்கிவிடும்.

சட்டம் இல்லாமலில்லை. 1940-ம் வருஷத்து மருந்துச் சட்டத்தின் கீழ் 1945-ல் செய்யப்பட்ட விதிகளில் எச் அட்டவணை என்று ஒன்று உண்டு. அதில் அடங்கிய மருந்துகளை, இந்த மாத்திரைகள் உட்பட, வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது. மாத்திரை அட்டையிலேயே அந்த எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது. ஆனால் கடைக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபமான நியாயம். வேடந்தாங்கலிலிருந்து மதுராந்தகமோ செங்கற்பட்டோ சென்று அரசினர் ஆஸ்பத்திரியில் பல் வைத்தியரைக் காண வேண்டுமானால், நடவுக்கோ அறுப்புக்கோ போகிறவருக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். சுரண்டல் ஒரு தடவையில் முடியாவிட்டால் இரண்டு நாள் கூலி. மாத்திரைக்கு ஆகும் செலவு அதில் ஒரு சிறு பங்கே. பல் வைத்தியர் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்கள் நமது ஜில்லாவில் சில இருக்கின்றன. இல்லாத நிலையங்களுக்கு வாரத்தில் ஒரு நாளாவது, அதுவும் மாலை வேளையில், சுரண்டல் கருவிகளுடன் ஒருவரை அனுப்ப சுகாதார இலாகா ஏற்பாடு செய்ய வேண்டும். எந்தக் கிராமத்துக்கு எந்தக் கிழமை என்பதை முன்கூட்டி ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்டச் செய்வது நமது தொண்டர்கள் இந்த மாதமே எடுத்துச் செய்யக்கூடிய வேலை.